அரிசி மில் சுவரின் எதிரொலி

ஹாய்-சுன் பள்ளிக்கூடம் போனது ஆறு ஆண்டுகள்தான். ஆனால் ஒலி மிக்சர் பலகையின் முதுகுப்பக்கம் அவருக்கு மனப்பாடம். பின்னால் செருகும் கேபிள் ஒவ்வொன்றிலும் ஒரு வண்ண நாடா சுற்றியிருப்பார். கோயிலைப் பார்த்த ஒலிபெருக்கிக்குச் சிவப்பு. தெருவைப் பார்த்ததற்கு மஞ்சள். தங்கை பிக்-ஹாவின் காலடியில் இருக்கும் சின்னப் பெட்டிக்கு வெள்ளை. தன் குரலை அவள் கேட்பது அதில்தான். அறுபத்து மூன்று வயதிலும், செருகியதை எல்லாம் விரலால் தொட்டு எண்ணிப் பார்க்காமல் மின்சாரம் போடமாட்டார்.

லாரியின் பக்கத்தைத் திறந்தால் அதுதான் பொம்மலாட்ட மேடை. யுன்லின் மாவட்டக் கிராமங்களில் சாமி பிறந்தநாள் வந்தால் கோயில் வாசலில் போய் நிற்கும். தளபதி, பிக்குணி, குடிகாரன், புலி என்று எல்லாருக்கும் பிக்-ஹாதான் பேசுவாள். "பதினேழு குரல், ஒரே தொண்டை" என்று ஹாய்-சுன் பெருமையாகச் சொல்வார். இப்போது அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

போன வாரம் சாப்பிடும்போது பிக்-ஹா பேச்சை எடுத்தாள். "இந்தத் தடவையும் தெருவுல ஒரு ஆள் நின்னு கேக்கலேன்னா, நான் தாய்ச்சுங்ல மக வீட்டோட போயிடறேன்ண்ணா. மத்தவங்க மாதிரி நீயும் பதிவு பண்ணினதப் போட்டு ஓட்டிக்கோ. சாமிக்கு என்ன தெரியப்போகுது?"

"சாமிக்கு உன் தொண்டை தெரியும்."

"தெரிஞ்சு? கை தட்டுமா?"

ஹாய்-சுன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். வீட்டில் அவரோடு பேச யாரும் இல்லாமல் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அவளும் போய்விட்டால் லாரியிலும் இல்லை.

அன்று பகல் இரண்டு மணிக்கு ஆட்டம். கோயிலின் பின்சந்து வழியாக லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியதிலிருந்து அவர் பலகைக்குப் பின்னால் மண்டியிட்டபடியே இருந்தார். எதிரே காலியாக ஐந்து சிவப்பு முக்காலிகள். ஒன்றின் நிழலில் ஒரு நாய். தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஓர் இளம் போலீஸ்காரன் வந்தான்.

"பெரியப்பா, எதிர்மாடியில ஒரு நர்சம்மா ராத்திரி வேலை முடிச்சுத் தூங்கறாங்க. ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க. இன்னொரு போன் வந்தா நிறுத்தச் சொல்லித்தான் ஆகணும்."

"சாமி ஆட்டத்தப் பாதியில நிறுத்துவியா? உங்கம்மா கேட்டா விளக்குமாத்த எடுப்பா."

"அதுக்குத்தான் முன்னாடியே வந்தேன். சாமி பக்கம் இருக்கட்டும், தெருப் பக்கத்த மட்டும் இறக்கிடுங்க."

மஞ்சள் ஒட்டிய விசையை ஹாய்-சுன் அடிவரை இழுத்தார். இழுத்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. தெருவுக்கு அப்பால் அரிசி மில்லின் பெரிய சுவர். ஒவ்வோர் ஆண்டும் பிக்-ஹாவின் குரல் அதில் மோதி ஒரு நொடி கழித்துத் திரும்பும். அதற்காகவே இந்த ஊரில் அவள் வசனத்தில் கொஞ்சம் இடம் விடுவாள். எதிரொலி நின்றால் தெரு ஒலிபெருக்கி அணைந்தது அவளுக்குத் தெரிந்துவிடும்.

எக்கோ குமிழைத் திருகி, ஒரு செயற்கை எதிரொலியை வெள்ளைக் கேபிளுக்கு மட்டும் அனுப்பினார். ஹெட்போனை அழுத்திப் பிடித்து, மில் சுவர் திருப்பித் தரும் நேரத்துக்கு மயிரிழை பிசகாமல் சரிசெய்தார். மேடையில் தளபதி ஒரு கணம் தடுமாறினார். பிறகு முன்னைவிட ஓங்கிப் பேசினார்.

நாலரைக்கு பிக்-ஹா கழுத்தைத் துடைத்தபடி இறங்கி வந்தாள். "எத்தனை பேருண்ணா?"

"நின்னாங்க, நாலஞ்சு பேரு."

"மஞ்சள எப்ப இறக்கின?"

அவர் கேபிளைச் சுருட்டத் தொடங்கினார்.

"ஆரம்பத்துல இல்லாத எதிரொலி பத்து நிமிஷம் கழிச்சு எங்கேர்ந்து வந்துச்சு? மில்ல இடிச்சு மாசமாகுது. பஸ்ஸ விட்டு இறங்கும்போதே பார்த்தேன்."

ஹாய்-சுன் அன்று முதன்முறையாகத் தெருவை நிமிர்ந்து பார்த்தார். மில் இருந்த இடத்தில் வெறும் வானம். அதன் கீழே இரண்டு கார்கள்.

பிக்-ஹா வெள்ளைக் கேபிளின் மறுமுனையை எடுத்துச் சுருட்டிக்கொண்டே அவர் அருகில் வந்தாள். "அடுத்த மாசம் கடலோர ஊர்லயும் அந்த எதிரொலியப் போடு. கொஞ்சம் குறைச்சு வை. மில்லு இவ்வளவு கத்தாது."

நுனியில் வெள்ளை நாடா பிரிந்திருந்தது. ஹாய்-சுன் அதை மறுபடி இறுக்கிச் சுற்றினார்.