ஆற்றோரம் நடந்தவளை அவசரமாய்க் கரையேற்றியது

மாலை நாலு மணிக்கு என் மகள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். கோயில் மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. இன்றும் அந்த மணி கேட்டால், அவள் எங்கே என்று எட்டிப் பார்க்கிறேன்.

"இத அவுக எழுதல," என்றாள்.

விஷஜுரம் கண்டு படுத்து வாரக்கணக்காகியிருந்தது. கஞ்சி இறங்கும்வரை பயமில்லை என்றிருந்தார் வைத்தியர். கதை வாசித்தால்தான் கஞ்சி இறங்கும். மாதப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த கதை. காணாமற்போன தம்பியைத் தேடி, மலையடிவாரத்திலிருந்து கடலை நோக்கித் தாமிரபரணிக் கரையோடு ஒரு பெண் நடக்கிறாள். மாதம் ஒரு படித்துறை. அவள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்புதான் தம்பி அங்கிருந்து கிளம்பியிருப்பான். எழுதியவர் ஏரல் ஊர்க்காரர். கதையில் அந்தப் பெண்ணைப் படகுக்குக் காத்து நிற்கவைத்துவிட்டு அவர் இறந்துபோனார். அதை மகளிடம் நாங்கள் சொல்லவில்லை. தவறிப்போன இதழ்கள் சேர்ந்து வந்தன என்று சொல்லி, நானே எழுதிய தாள்களைப் பழைய இதழுக்குள் வைத்து வாசித்தேன்.

அவர் நடை எனக்கு மனப்பாடம். அவர் கதையில் மழைக்கு முன் எறும்பு சுவரேறும். யாரும் அழமாட்டார்கள், முகம் கழுவுவார்கள். எழுதும்போது நாணல் வாசனை மேசைவரை வந்தது. அந்தப் பெண்ணின் ஈரக் காலடி எங்கள் முற்றத்திலும் கிடப்பதுபோல் இருக்கும். ஆனால் நான் எழுதிய மூன்றாம் அத்தியாயத்தில் வெள்ளம் வந்தது. என் மகள் கட்டிலில் கிடக்க, இன்னொருத்தியை வெள்ளத்தில் விட எனக்குக் கை வரவில்லை. கரையில் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தி, அவள் கையைப் பிடிக்கவைத்துவிட்டேன்.

"அவுக இவ்வளவு சீக்கிரம் சேத்து வைக்க மாட்டாக. அவுக செத்துட்டாகளாப்பா?"

நான் தாள்களை இதழுக்குள் செருகி மூடினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளும் கஞ்சி இறங்கவில்லை.

"எதுக்கு அவசரப்பட்டிய? அவ பாட்டுக்கு நடந்துட்டுக் கெடந்திருப்பாள்லா," என்றாள் என் மனைவி. என்னைக் கேட்காமலே ஏரலுக்கு ஆள் அனுப்பினாள். நான் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவினேன். வெயிலில் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

அதற்கு அடுத்த நாள் வில்வண்டி வந்தது. வெள்ளைச் சேலையில் இறங்கியவர் அந்த எழுத்தாளரின் மனைவி. என் தாள்களைக் கொடுத்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து கடைசி வரிவரை படித்தார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அவுகளும் முதல்ல இப்படித்தான் எழுதுவாக. மனசு கேக்காது, கையோட சேத்து வச்சிருவாக. நான்தான், 'இங்கன வேண்டாம், இன்னும் கொஞ்ச தூரம் நடக்கட்டும்'னு சொல்லி அந்த வரிய அடிக்க வைப்பேன். இனி உங்கப்பா எழுதட்டும், அந்த வேலை உனக்கு. கஞ்சியப் பையக் குடி. குடிச்சிட்டு, தம்பிய எங்கன கொண்டு ஒளிச்சு வைக்கலாம்னு சொல்லு."