பால்குடத்தைக் கீழே வைக்கக் கூடாது

கூட்டத்தில் பிரிந்துவிட்டால் பிரிந்த இடத்திலேயே நிற்க வேண்டும். தேடிப் போகக் கூடாது. இரண்டு பேரும் தேடக் கிளம்பினால் இரண்டு பேருமே தொலைந்துபோவார்கள். இதுதான் விதி. தைப்பூசத்துக்கு முந்தைய நாள், சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் மகள் வீட்டுச் சோபாவில் என் மனைவி கோமதியை உட்காரவைத்து இந்த விதியை விளக்கிச் சொன்னேன். புரிந்ததா என்று கேட்டேன். "ம்" என்றாள். அவளால் சொல்ல முடிந்தது அது ஒன்றுதான்.

முருகனடியார்களுக்கு என் வணக்கம். நான் தென்காசிக்காரன். பதிவுத்துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு சாட்சிக் கையெழுத்து இல்லாத எதையும் நம்பாமல் காலம் தள்ளியவன், இன்று நானே சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். என் பழைய அலுவலக நண்பர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சென்ற ஆனி மாதம் ஒரு காலையில் கோமதி பால்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பாலில் தண்ணீர் இருப்பதை அவள் நிரூபித்துக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். பேச்சை அவள் பாதியில் விட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். வாய் கோணியிருந்தது. பக்கவாதம் என்றார்கள் மருத்துவமனையில். உயிர் பிழைத்தாள். வலது கால் லேசாக இழுத்தது. பேச்சு போய்விட்டது.

அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். வகுப்பின் கடைசி பெஞ்சு வரை எட்டும் குரல். அந்தக் குரலைப் பற்றி என் வாழ்நாள் முழுக்கப் புகார் சொல்லியிருக்கிறேன். இப்போது வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

மகள் பவானி எங்களைச் சிங்கப்பூருக்கே அழைத்து வந்துவிட்டாள். இங்கே வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி. பயிற்சி தருபவர் ஒரு சீனப் பெண், பொறுமைசாலி. படங்களைக் காட்டுவார். பவானி தமிழில் கேட்பாள். பூனை எது, குடை எது என்று கேட்டால் கோமதி சரியாகத் தொட்டுக் காட்டுவாள். சொல்லச் சொன்னால் உதடு துடிக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். ஒன்றும் வராது. பிறகு அழுவாள். அந்த அழுகையிலும் சத்தம் இருக்காது. மாதங்கள் போயின. மார்கழியில் அவள் படங்களைப் பார்க்கவே மறுத்துவிட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று எனக்கு மனம் விட்டுப்போனது.

அந்த வாரம்தான் தைப்பூச அறிவிப்பைப் படித்தேன். எங்கே கூட வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், எந்த நேரத்துக்குள் கோயிலை அடைய வேண்டும், எங்கே மேளம் அடிக்கலாம், எங்கே கூடாது என்றெல்லாம் எழுதியிருந்தது. இவ்வளவு தெளிவான விதிமுறைகளோடு ஒரு வழிபாட்டை நான் கண்டதில்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். பால்குடம் எடுக்கப் பெயர் பதிந்தேன். நோன்பு இருந்தேன். வேண்டுதலை மனதுக்குள் ஒரு மனுவாகவே எழுதிக்கொண்டேன்: கோமதிக்குப் பேச்சு வர வேண்டும்.

"அம்மாவையும் கூட்டிட்டுப் போகணுமாப்பா? அந்தக் கூட்டத்துலயா?" என்றாள் பவானி.

"மனு யாரு பேர்லயோ அவங்க நேர்ல ஆஜராகணும்."

"கோயிலும் ஆபீஸும் ஒண்ணாப்பா உங்களுக்கு?"

கோமதி எழுந்து போய்ப் பச்சைப் பட்டுப் புடவையை எடுத்து வந்து என் மடியில் போட்டாள். அதோடு வாதம் முடிந்தது. பாதி தூரம் வரை நடப்பாள், பிறகு பவானி அவளை ரயிலில் முருகன் கோயிலுக்கு அழைத்துவருவாள் என்று ஏற்பாடு.

பூசத்தன்று காலை, ஊர்வலம் தொடங்கும் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். தென்காசியில் நான் பார்த்த தேர்க்கூட்டம் வேறு. அங்கே யார் தள்ளுகிறார்கள், யார் நகர்கிறார்கள் என்றே தெரியாது. இங்கே தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு நதியைப் போல ஒரே திசையில் போனோம். அலகுக் காவடிகள் மயில் தோகையோடு ஆடிக்கொண்டு போயின. வெறுங்காலின் கீழ் தார்ரோடு சுட்டது. ஒருவர் "வேல் வேல்!" என்று கத்துவார். நூறு பேர் "வெற்றி வேல்!" என்று திருப்பிக் கொடுப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் திரும்பிக் கோமதியின் உதடுகளைப் பார்த்தேன். அவை மூடியே இருந்தன.

ஒரு சந்திப்பில் வண்டிகள் கடப்பதற்காக எங்களை நிறுத்தினார்கள். பவானி குனிந்து காலில் குத்திய கல்லை எடுத்தாள். அவள் நிமிர்ந்தபோது கோமதி இல்லை.

அவள் பெயர், முகவரி, எங்கள் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். அது அவள் கழுத்தில் தொங்கியிருக்க வேண்டும். பட்டுப் புடவைக்கு மேல் அசிங்கமாக இருக்கிறது என்று கோமதி காலையில் கழற்றிவிட்டாள். அட்டை பவானியின் மஞ்சள் பையில் பத்திரமாக இருந்தது.

"அம்மாவால வேகமா நடக்க முடியாது. பின்னாலதான் எங்கேயோ நின்னுட்டாங்க," என்று பவானி எதிர்த் திசையில் ஓடினாள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நான் விதிப்படி நின்றேன்.

நின்றேன் என்று எழுதுவது சுலபம். வழியைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் என் முதுகில் வந்து மோதியது. தோளில் பால்குடம். கோயிலைச் சேரும்வரை குடத்தைக் கீழே வைக்கக் கூடாது. அது ஒரு விதி. பிரிந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. அது இன்னொரு விதி. மூன்றாவது விதியோடு, பேச்சுக்கு வாலாக 'லா' சேர்க்கும் சிங்கப்பூர்த் தொண்டர் ஒருவர் வந்தார்.

"அங்கிள், நிக்காதீங்க லா. பின்னால பெரிய காவடி வருது."

"என் வொய்ஃபக் காணோம். நான் இங்கதான் நிக்கணும்."

"ஐயோ அங்கிள், இங்க நின்னா உங்களையும் தேட வேண்டியதாயிடும். அவங்க என்ன கலர் புடவை? பச்சையா? நான் சொல்லிடுறேன். நீங்க நடங்க, நடங்க!"

மூன்று விதிகளும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் எழுதவில்லை. கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டு போனது. நான் என் மனைவியை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த நடையை நான் மறக்க மாட்டேன். யாராவது அவளிடம் "அம்மா, உங்க பேர் என்ன?" என்று கேட்பார்கள். அவளால் சொல்ல முடியாது. காலை மாத்திரையை இந்நேரம் அவள் போட்டிருக்க வேண்டும். இந்த வெயிலில் பக்கவாதம் இரண்டாவது முறையும் வந்துவிட்டால்? "உதவி" என்ற வார்த்தைகூட அவளிடம் இல்லையே. என் கண்ணீர் மூக்கின் மேல் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் குடத்தில் இருந்தன.

அப்போது நான் பிரார்த்தித்தேன். அது மனுவாக வரவில்லை. "முருகா, நான் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அவள் பேச வேண்டாம். ஆயுசு முழுக்க ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஆளை மட்டும் கொடுத்துவிடு." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. பக்கத்தில் நடந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு அவளும் அழுதாள்.

சற்றுத் தொலைவில் ஒரு தண்ணீர்ப்பந்தல். அதன் முன்னால் ஒரு காவடி நின்று ஆடிக்கொண்டிருந்தது. யாரோ "வேல் வேல்!" என்று கத்தினார்கள்.

"வெற்றி வேல்!"

அத்தனை குரல்களுக்கு நடுவே ஒரு குரல் தனியாகக் கேட்டது. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் கடைசி பெஞ்சு வரை எட்டும் குரல். என் கால்கள் நின்றுவிட்டன. மறுபடியும் "வேல் வேல்!" மறுபடியும் அந்தக் குரல். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எத்தனை வருடம் என்னை அதட்டிய குரல் அது!

கோமதி பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் காகிதக் கோப்பை. முகமெல்லாம் வேர்வை. காவடியைப் பார்த்துக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். பவானி குனிந்த நேரத்தில், சந்திப்பில் கடைசியாக விடப்பட்டு ஆடிக்கொண்டு போன ஒரு காவடிக் கூட்டத்தோடு காலை இழுத்துக்கொண்டு கடந்துவிட்டிருக்கிறாள். பின்னால் நிற்கிறாள் என்று நாங்கள் நினைத்தவள் எங்களுக்கு முன்னால் போயிருக்கிறாள்.

அவள் பக்கத்தில் ஒரு நடுவயதுப் பெண் நின்றார். பூன் லேயில் வசிப்பவர், பூங்கொடி என்று பிறகு தெரிந்தது. அவர்தான் தடுமாறி வந்த கோமதியைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

"இவங்க உங்க ஆளா அங்கிள்? பேரு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க, ஆனா கத்துறதுல எங்க எல்லாரையும் தோக்கடிச்சிட்டாங்க!"

"அவளுக்குப் பேச்சு வராதும்மா."

"பேச்சு வராதா? யார் சொன்னது? என் காதே அடைச்சுப்போச்சு லா!"

கோமதி என்னைப் பார்த்தாள். கையை நீட்டினாள். எனக்குக் கை இல்லை.

"குடத்த இங்க கொடுங்க அங்கிள், நான் பிடிச்சுக்கிறேன்."

"நோன்பு இருந்தவங்கதான் தொடணும்," என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் இதைத்தான் சொன்னது.

"நானும் நோன்புதான். ராத்திரியே பால்குடம் எடுத்து முடிச்சுட்டுதான் இங்க தண்ணி ஊத்த வந்தேன். போதுமா? கொடுங்க!"

கொடுத்தேன். கோமதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். பந்தலில் சிந்திய தண்ணீரில் வேட்டியெல்லாம் ஈரம். பூங்கொடியின் போனில் பவானியை அழைத்தோம். அவள் மூச்சு வாங்க ஓடி வந்தபோது, அவளுக்காகவே யாரோ "வேல் வேல்!" என்றார்கள். கோமதி பதில் கொடுத்தாள். பவானி அப்படியே தாயின் மடியில் விழுந்தாள்.

பாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை.

பயிற்சி தரும் பெண்ணிடம் சொன்னபோது அவர் வியந்தாலும் விளக்கமும் சொன்னார். பாட்டும் மந்திரமும் மூளையில் வேறு வழியாக வரக்கூடுமாம். சிலருக்கு அப்படி நடப்பதுண்டாம். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த வழியை நாங்கள் யாரும் தேடவில்லை. விதியை நம்பி நான் அங்கேயே நின்றிருந்தால் அந்தக் குரலைக் கேட்டிருக்க மாட்டேன். என்னை இழுத்துப்போனது கூட்டம். கூட்டத்தை இழுத்துப்போனது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதன் பிறகு படங்களை ஒதுக்கிவைத்தார்கள். தாளம் தட்டி, பாட்டாகப் பாடி, அதிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். நாங்களும் வீட்டில் தினமும் செய்தோம். சமையலறையில் கரண்டியால் தட்டியபடி "வேல் வேல்" என்பேன். அவள் முடிப்பாள். ஆனால் அவளாகவே ஒரு சொல் சொல்லவில்லை. நான் அவசரப்படவில்லை. நான் திருப்பி எடுத்துக்கொண்ட மனுவைப் பற்றி விசாரிக்க எனக்கு என்ன உரிமை?

பிறகு ஒரு நாள் காலை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் பழுது பார்ப்பது பற்றி ஒட்டியிருந்த அறிவிப்பில் மூன்று தவறுகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகக் கோமதிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தவறில் இருந்தேன். தாளம் தட்ட யாரும் இல்லை. எடுத்துக்கொடுக்கவும் யாரும் இல்லை. அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். உதடு துடித்தது.

"போதும்," என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "காப்பி... ஆறுது."

மூன்றாவது தவறு என்னவென்று எனக்கு இன்றுவரை நினைவில்லை.

அன்பர்களே, இப்போது அவள் தினமும் நாலைந்து சொற்கள் பேசுகிறாள். பாதி என்னைத் திட்டுவது. நான் காது குளிரக் கேட்கிறேன். பேச்சின் நடுவே குறுக்கிடுவதை விட்டுவிட்டேன். மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாதீர்கள், மாத்திரையைத் தவறவிடாதீர்கள். அதோடு, முருகனிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் அழுதுகொண்டே கேளுங்கள். வடிவம் சரியில்லை என்று அவன் திருப்பி அனுப்புவதில்லை. நாமே திருப்பி எடுத்துக்கொண்ட மனுவைக்கூட அவன் கையில் வைத்திருக்கிறான்.

நான் கேட்டது தைப்பூசத்தன்று. பதில் வந்தது பங்குனி உத்திரத்தன்று காலை.