சூடு அறியாத விரல்கள்

தோல் கருகும் வாடை முதலில் எனக்குத்தான் வந்தது. கருகியது அண்ணியின் கட்டைவிரல். அவர் பாட்டுக்குச் சாணைச் சக்கரத்தில் கத்தியை அழுத்திக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திய பிறகுதான், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல அந்த விரலைப் பார்த்தார்.

அண்ணி என் கணவரின் அக்கா. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் தகரக் கொட்டகை. கணவர் பழைய லாரியின் வில் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கத்தியாக்குவார். சாணை பிடிப்பது அண்ணியும் நானும். கத்தியைச் சக்கரத்தில் கொஞ்சம் கூடுதலாக வைத்துவிட்டால் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அதனால் கையுறை போடாமல், வெறும் விரலால் சூடு பார்த்துப் பார்த்து, தண்ணீரில் முக்கி முக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு நொடி நினைப்பு வேறு பக்கம் போகக்கூடாது. மாலையில் மோட்டார் நின்றாலும் தலைக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். சோறு பிசையும் கை நடுங்கும். எதிரே இருப்பவர் பேசுவது தெரியும், சொல் உள்ளே ஏறாது. கோபம்கூட வராத களைப்பு அது.

அந்த ஆண்டு பக்ரீத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு, லால்பேட்டைக் கறிக்கடை பாய் எங்களிடம் வாங்கிய கத்திகளையெல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஒரு ஆட்டுக்கே மழுங்கிப்போச்சும்மா. உங்க கத்தி இப்படி ஆவாதே. பெருநாளுக்கு இத நம்பி எப்படி நிக்கிறது?"

சத்தம் போட்டுப் பேசவில்லை. அதுதான் தாங்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பிடித்துத் தருவதாகச் சொன்னார் அண்ணி. மறுநாள் காலையே உட்கார்ந்தார். அப்போதுதான் விரல் கருகியது.

"எத்தினி நாளா அண்ணி இப்படி?"

"பொங்கலுக்கு முன்னாடியே மரத்துப்போச்சு. சொன்னா எல்லா வேலயும் உன் தலையிலதானே விழும்? கண்ணாலயே பாத்துக்கலாம்னு நெனச்சேன். கண்ணும் அசந்துபோவுது."

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் பிடிக்க, நான் பக்கத்தில் நின்று கத்தியைத் தொட்டுத் தொட்டுச் சூடு சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது; முகத்தில் படிந்திருந்த இரும்புத் தூளில் அது கோடு போட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

"போதும் அண்ணி, எழுந்திருங்க."

"இப்ப எழுந்தேன்னா மறுபடி உக்கார மாட்டேம்மா."

அப்படியே ஆனது. கத்திகளைக் கொடுத்த பிறகு அவர் கொட்டகைக்குள் வரவே இல்லை. சக்கரத்தின் அதிர்விலேயே நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது என்றார் மருத்துவர். சிதம்பரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். இருவர் வேலையும் எனக்கு வந்தது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மகள் கடைக்குப் போயிருந்தாள். பேத்தியைக் குளிப்பாட்ட வாளியில் வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி காத்திருந்தார்.

"நல்லவேள வந்தே. சூடு போதுமான்னு பாரு."

கையை விட்டேன். மார்கழியிலிருந்தே விரல் நுனிகள் ஒருமாதிரி இருந்தன; பனிதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பனி போய் எத்தனையோ நாளாகிவிட்டது. மணிக்கட்டு வரை கையை இறக்கினேன். மணிக்கட்டில் சுரீரென்றது. விரல்கள் சும்மா இருந்தன.

அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, வாளியிலிருந்து இரண்டடி தள்ளிப்போய் நின்றார்.