மோப்ப சிஸ்டர்

கட்டைப் பிரித்ததும் அவர் முதலில் புண்ணைப் பார்ப்பதில்லை. இடுக்கியில் பிடித்த பழைய துணியை மூக்கருகே கொண்டுபோய், மாஸ்க்கைக் கீழே இழுத்து, ஒருமுறை முகர்வார். பிறகுதான் புண். டாக்டர் எத்தனையோ தடவை கடிந்துகொண்டும் பழக்கம் போகவில்லை. "கண்ணுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரிஞ்சுடும் சார்," என்பார். வார்டில் அவருக்கு மோப்ப சிஸ்டர் என்றே பெயர்.

குடல்வால் ஆபரேஷன்காரர்களை அவர் இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறார். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு எடுத்தவர்கள் விருந்தாளிகள். வந்த சுருக்கில் கிளம்பிவிடுவார்கள். என்னைப் போல வயிற்றைக் கீறித் திறந்தவர்கள் குடித்தனக்காரர்கள். தையலில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு எங்களுக்குத்தான் அதிகம். எனக்குப் பிடித்தும்விட்டது. "இப்போதைக்கு வீட்டக் காலி பண்ண மாட்டீங்க போல," என்றார் துணியை முகர்ந்துவிட்டு. சிரித்தேன்; தையல் சுரீரென்றது.

விருந்தாளிகளையும் அவர் சும்மா விடுவதில்லை. "ஓட்டை சின்னதுன்னு மெத்தனமா இருக்காதீங்க. உள்ள சீழ் கட்டினா வெளிய தெரியாது. காய்ச்சல் அடிச்சா ஓடி வந்துடணும்."

போன வாரம் பக்கத்துக் கட்டிலுக்குப் புதுக் குடித்தனக்காரர் ஒருவர் வந்தார். சிஸ்டரின் கணவர். வயிற்று வலியை வாயுத் தொல்லை என்று அவர் சொல்ல, இவரும் நம்பி, ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது. போதாததற்குச் சர்க்கரை வேறு. சீழ் பிடிக்க இதைவிட என்ன வேண்டும்?

"ஊர்ல உள்ள வயித்தையெல்லாம் பாக்கறேன், வீட்டு வயித்தக் கோட்டை விட்டுட்டேன்," என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நேற்றுக் காலை கணவருக்குக் கட்டு மாற்றினார். "ஏங்க, மூச்ச விடுங்க. நான் என்ன கடிக்கவா போறேன்?"

துணி உரிந்து வந்தது. இடுக்கி மூக்கை நோக்கிப் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. இடக்கையால் மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிக்கொண்டார். துணியைத் தட்டில் வைத்து, உடன் நின்ற இன்னொரு நர்ஸிடம் நீட்டினார்.

"நீ பாரு."

அந்த நர்ஸ் குனிந்து முகர்ந்தார். "ஒண்ணும் இல்லக்கா. சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா."

"என்னம்மா இது, மீன் வாங்க வந்த மாதிரி ஆளாளுக்கு மோந்து பாக்கறீங்க!" என்று முனகினார் கணவர்.

சிஸ்டர் தட்டைத் திரும்ப வாங்கி, மாஸ்க்கைக் கீழே இழுத்தார்.