வளையல் ஏற வாய் பேச வேண்டும்

கண்ணாடி வளையல்களை ஒரு டஜன் சேர்த்தெடுத்து லேசாக உலுக்கினால் ஒரு சத்தம் வரும். அதில் ஒன்றில் மயிரிழைக் கீறல் இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டே கீறல் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நான் எல்லாவற்றையும் கட்டினேன். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இரண்டு கடை, உட்லண்ட்ஸில் ஒன்று, பாசிர் ரிஸில் ஒன்று, பாலம் தாண்டி மலேசியப் பக்கம் ஜோகூரிலிருந்து வந்து மொத்தமாக வாங்கிப் போகும் வியாபாரிகள், பட்டம் வாங்கிய மூன்று பிள்ளைகள், தீபாவளி நேரத்தில் கடைவாசலைத் தாண்டி நடைபாதை வரைக்கும் நிற்கும் கூட்டம் என்று இத்தனையும் ஆறாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் சம்பாதித்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் இதே வாய் சின்ன வயதில் திறந்ததே இல்லை. என் மனைவியே இதை நம்புவதில்லை. "நீங்களா? கூச்சமா? யாருகிட்ட லா கதை விடுறீங்க?" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுக் கேட்பாள்.

அப்பாவின் வளையல் கடை பழைய தேக்கா சந்தைக்கு வெளியே, நாலு மரக்காலில் நின்ற ஒரு பலகை. அதன் மேல் விரித்த துணி தரைவரை தொங்கும். அந்தத் துணிக்குப் பின்னால், வளையல் கட்டி வரும் வைக்கோலுக்கு நடுவில்தான் என் இடம். பெண்கள் வந்து நின்றால் அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, செருப்புதான் தெரியும். எந்தச் செருப்பு பேரம் பேசும், எந்தச் செருப்பு சும்மா பார்த்துவிட்டுப் போகும் என்பதுகூட எனக்கு அத்துப்படி. வெளியே வரச் சொன்னால் மட்டும் கால் எழாது. பக்கத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்ற மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்போம், கூச்சத்துக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்லையே எனக்குப் பெயராக வைத்து "மாலு, மாலு" என்று கூப்பிடுவார். எங்கள் சந்துப் பிள்ளைகள் வைத்த பெயர் "ஊமைக்கோட்டான்".

பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம். வாத்தியார் பெயர் கூப்பிட்டால் எழுந்து "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு வார்த்தை என் தொண்டைக்குழி வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், சட்டை போட்டிருக்கிறேன், மூச்சு விடுகிறேன், ஆனாலும் வரவில்லை என்றே குறித்துவிடுவார். அப்படி வராமலே வந்துபோன பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு முடிந்தது. இப்போது அதே மாதிரிப் பள்ளிகளில் பரிசு கொடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன், பேசுகிறேன், நிறுத்தச் சொல்லிச் சீட்டு வரும்வரை பேசுகிறேன்.

என் வாய் திறந்தது ஒரு வளைகாப்பில். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மசாலா சாமான் மொத்த வியாபாரம் செய்த முதலாளி வீடு அது. அவர்களுடைய மருமகள் மரகதம் அக்காவுக்கு ஏழாம் மாதம். அந்த வீட்டில் எந்த வளையல்காரன் வளையல் போடுகிறானோ, அவனைத்தான் சிராங்கூன் ரோட்டில் பாதி வீடுகள் கூப்பிடும். அந்த அழைப்புக்காக அப்பா வருஷக்கணக்காகக் காத்திருந்தார். வந்தது. வந்த வாரத்திலேயே திரிஷா என்கிற மூன்று சக்கர வண்டி ஒன்று மோதி அப்பா சைக்கிளோடு விழுந்தார். வலது மணிக்கட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அம்மாவுக்கோ தம்பி பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பச்சை உடம்பு, வெளியே இறங்க முடியாது. மிச்சம் இருந்தது நான்.

கைவேலை எனக்குத் தெரியும். அம்மாவின் கைகளில் போட்டுப் போட்டுப் பழகியவன். உண்மையைச் சொன்னால் அப்பாவைவிடச் சுத்தமாகப் போடுவேன். அதனால் அப்பா கட்டுப் போட்ட கையோடு, "பத்துப் பொம்பளைங்க பாக்குற இடத்துல பயப்படாம உக்காந்துட்டா, நீ வளையல்காரன்டா" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

கூடம் நிறையப் பட்டுப்புடவை. சந்தன வாசனையும் எலுமிச்சைச் சோற்று வாசனையும் கலந்து வந்தன. நடுவில் மணையில் மரகதம் அக்கா. வேப்பிலைக் காப்பு போட்டு முடித்து, "வளையக்காரரைக் கூப்பிடுங்க" என்றதும் தகரப் பெட்டியோடு நான் போய் நின்றேன். மாமியார் முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன இது? பெட்டி வந்திருக்கு, ஆளக் காணோமே?"

சிரிப்பு. "அப்பா எங்கடா?" என்று கேட்டார். நான் பெட்டியின் கொக்கியைத் திருகினேன். "பேச்சு வருமா வராதா இவனுக்கு? முதல் பிள்ளைக்குப் பண்ற விசேஷம், ஒரு வளையல் உடைஞ்சாலும் நான் சும்மா விட மாட்டேன், ஆமா. எதிர்க்கடைக்காரர வேணா கூப்பிடலாம் லா" என்று யாரோ ஒரு அத்தையிடம் திரும்பிச் சொன்னார்.

நான் அவசரமாக உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்தேன். மாசமாக இருப்பவர் கை, லேசாக வீங்கியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கை விறைத்துக் கிடந்தது, கட்டை மாதிரி. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் முட்டிகளை ஒன்றாகச் சேர்த்துப் பச்சை வளையலை ஏற்றினேன். முட்டியில் போய் நின்றது. இன்னும் ஒரு நூல் அழுத்தினால் உடைந்துவிடும், எடுத்தால் தோற்றேன் என்று ஆகும். கூடம் முழுக்க என் விரலையே பார்த்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு பெண், "வாயில என்னடா, கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். மரகதம் அக்கா களுக்கென்று சிரித்துவிட்டார். அந்த ஒரு நொடி, என் பிடிக்குள் இருந்த கை வெண்ணெய் மாதிரி இளகியது. சிரிப்பு நின்றதும் மறுபடியும் கட்டை. எனக்கு மின்னல் வெட்டியது மாதிரி இருந்தது. அப்பா கடையில் ஓயாமல் மீன் விலை, மாப்பிள்ளை விஷயம், மழை என்று பேசுவாரே, அதை நான் வெறும் வாயாடித்தனம் என்று நினைத்திருந்தேன். அது பேச்சே இல்லை, அதுதான் தொழில். பேசாதவன் கையில் யாரும் கையை நம்பிக் கொடுப்பதில்லை. கொடுத்தாலும் இறுக்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

சரி, பேச வேண்டும். என்ன பேசுவது? வாயைத் திறந்தேன். வருஷக்கணக்காகத் தொண்டையில் உட்கார்ந்திருந்தது எதுவோ அதுதானே முதலில் வரும்?

"உள்ளேன் ஐயா!"

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. முதலாளியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். மரகதம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யாருக்குடா ஆஜர் சொல்றே? உனக்கா, என் வயித்துல இருக்குறதுக்கா?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் வளையல் மணிக்கட்டில் இருந்தது.

அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டே வராமல் போன கதை, துணிக்குப் பின்னாலிருந்து செருப்பு பார்க்கும் கதை, அப்பாவும் திரிஷாவும் முட்டிக்கொண்ட கதை எல்லாம் சொன்னேன். "முதலாளியம்மா செருப்பு வந்தா அப்பா விலையை முதல்லயே ஏத்திச் சொல்லுவாரு, எப்படியும் பாதிதான் குடுப்பீங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன். "அடப்பாவி!" என்று அவரே விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு கையும் முழங்கை வரை பச்சையும் சிவப்புமாக நிறைந்தது. ஒன்றுகூட உடையவில்லை. புறப்படும்போது முதலாளியம்மா, "இனிமே எங்க வீட்டுக்கு இந்தப் பையன்தான் வரணும். மனசுல ஒண்ணு வெச்சு வெளிய ஒண்ணு பேசுறவன் இல்ல" என்றார்.

அந்த ஒரு பாடத்தில்தான் என் வியாபாரமே நிற்கிறது. கூச்சப்படுகிறவன் நல்லவனாகவே இருக்கலாம், ஆனால் எதிரில் இருப்பவனுக்கு அவன் எதையோ மறைக்கிறவன் மாதிரித்தான் தெரியும். முதல் கடை எடுக்கும்போது வங்கி அதிகாரியிடம், "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்க, நீங்களே படிச்சுச் சொல்லுங்க, புரியலேன்னா திருப்பிக் கேப்பேன்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அன்றிலிருந்து அவர் மாற்றலாகிப் போகும்வரை என் ஆள். ஒரு தீபாவளிக்கு முன் கப்பலில் வந்த சரக்கு பாதி நொறுங்கி வந்தது. என்னிடம் மொத்தமாக வாங்கும் கடைக்காரர்கள் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு கடையாக நடந்துபோய் நானே முகத்துக்கு நேரே சொன்னேன். திட்டினார்கள். ஆனால் ஒருவர்கூட வேறு இடம் போகவில்லை. மேலாண்மை படித்த என் மகன் இதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் சொல்கிறான். நான் வளையல் போடுவது என்று சொல்கிறேன்.

போன மாதம் பாசிர் ரிஸில் ஒரு வளைகாப்பு. அன்று மரகதம் அக்காவின் வயிற்றில் இருந்த மகள் இப்போது பாட்டியாகப் போகிறாள், அவளுடைய மகளுக்கு. நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மரகதம் அக்காவின் மகள் மைக்கைப் பிடித்து, "எங்க அம்மா வளைகாப்புக்கு இவங்க கடையிலிருந்துதான் வளையல் போட்டாங்க, இந்த அங்கிளோட அப்பா கைராசி" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். கடைக்கு வந்து பார்த்தால் என் மகன் புதிதாக மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையிலும் அதேதான், அப்பா படம் போட்டு "தாத்தாவின் கைராசி" என்று. கேட்டால், "விடுங்கப்பா, தாத்தா பேரு நல்லா எடுபடுது லா" என்கிறான்.

பழைய சந்தை போய்விட்டது, எதிர்ப்பக்கம் புதிது வந்துவிட்டது. அப்பாவின் பலகைக் கடை இருந்த இடத்தை இப்போது காட்டச் சொன்னால் எனக்கே தடுமாறும். மாக்சிக் இல்லை, முதலாளியம்மா இல்லை. போனவற்றில் நான் தேடாத ஒன்று என் கூச்சம் மட்டும்தான். அது போனபடியால் கூசாமல் கேட்கிறேன். அப்பாமேல் எனக்கு உயிர். ஆனால் அன்றைக்கு அவர் கை வீட்டில் கட்டுப் போட்டுக் கிடந்தது. மரகதம் அக்காவின் கையைப் பிடித்தது என் கை. சிரிக்க வைத்தது என் வாய். பெயர்ப்பலகையை மாற்றுங்கள். என் பெயரைப் போடுங்கள். அடுத்த விசேஷத்தில் மைக் பிடிக்கிறவர்கள் யார் போட்டது என்று ஒருமுறை உரக்கக் கேளுங்கள். இந்தத் தடவை யாரும் வரவில்லை என்று குறிக்க முடியாது.

உள்ளேன் ஐயா.