எனக்குக் கிடைக்காத தலைவி பதவி

என் மகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில், பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியைத் தேர்ந்தெடுக்கப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஓடைப்பட்டியில் எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய அம்மா நான் ஒருத்திதான். என்னைத்தான் சொல்வார்கள் என்று நம்பியிருந்தேன்.

எல்லோரும் எனக்குப் பின்னால் கை காட்டினார்கள். அங்கே இருந்தவள் திராட்சைத் தோட்டத்துக்குக் கொத்து வெட்டப் போகிறவள். எங்கள் தெருவின் கடைசி வீடு. அவள் மகளும் என் மகளும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்" என்று அவளே எழுந்து சொன்னாள். அதற்கும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

தலைமையாசிரியை என்னை உறுப்பினராகச் சேர்த்து, தீர்மான நோட்டு எழுதச் சொன்னார். அவள் சொல்வதை நான் எழுத வேண்டும்!

முதல் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் அவள் போனோடு என் வீட்டுக்கு வந்தாள். குழுவின் வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது.

"அக்கா, என்ன போட்டிருக்காகன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

"கையில அவசர வேலை இருக்கு. பெறகு பாப்போம்."

என்னுடைய ஜாக்கெட்டுக்குத்தான் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் முழிக்கட்டும் என்று நினைத்தேன்.

அவள் முழிக்கவில்லை. மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சுற்றறிக்கையில், பள்ளிக்கு என்ன தேவை என்று பிள்ளைகளிடம் விசாரித்து வரச் சொல்லியிருந்ததாம். தோட்டத்திலிருந்து திரும்பியதும், தெருவில் விளையாடும் பெண்பிள்ளைகளிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"பொம்பளப் பிள்ளைக கக்கூஸ்ல தாப்பா இல்ல டீச்சர். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமாம். அதுக்குப் பயந்து பாதிப் பிள்ளைக தண்ணியே குடிக்கிறதில்ல" என்று கூட்டத்தில் சொன்னவள் என் பக்கம் திரும்பினாள். "ஒங்க மகளுந்தான் அக்கா."

கொடுத்துவிட்ட தண்ணீர் அப்படியே திரும்பி வருகிறது என்று தினமும் மகளைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான்.

தீர்மானத்தை எழுதி முடித்தேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரமே தாழ்ப்பாள் வந்தது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று மகளிடம் கேட்டேன்.

"நீ திட்டுன. கடைசி வீட்டு அத்தை என்னன்னு கேட்டாக."

பதவி கிடைக்காத அன்று வராத அழுகை அப்போது வந்தது. என் பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு சொல் எனக்கு வராமல் அவளுக்குப் போயிருக்கிறது.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். இப்போது சுற்றறிக்கை வந்தால் நானே அவள் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டுகிறேன். என்னை நல்ல மனசுக்காரி என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் அங்கே போவதே, பிள்ளைகளிடம் அவள் எப்படிக் கேட்கிறாள் என்று பக்கத்திலிருந்து பார்க்கத்தான்.