ஒரு கோயிலும் சேர்க்காத மார்கழிப் பயணம்: சூலூரிலிருந்து லட்சத்தீவு வரை

வயதானவன் எங்கே போகவேண்டும் என்பதில் எங்கள் உறவில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. காசி, ராமேசுவரம், முடியாவிட்டால் பழனி. 1996ஆம் வருடம் எனக்கு ஐம்பத்தெட்டு, என் மனைவி சரசுவுக்கு ஐம்பத்து மூன்று. கடைசிப் பெண்ணின் கல்யாணம் முடிந்து, சூலூர்த் தறிக்குடோனைப் பையனிடம் ஒப்படைத்த கையோடு, அந்த மார்கழியில் நாங்கள் இருவரும் கன்னியாகுமரி, கோவளம், கொச்சி வழியாக லட்சத்தீவுக்குப் போய்வந்தோம். ஒரு கோயிலைக்கூடத் திட்டத்தில் சேர்க்கவில்லை. அதற்காக நான் கேட்ட பேச்சு கொஞ்சமல்ல. அதே வழியில் போக நினைப்பவர்களுக்காகவும், அன்று பேசியவர்கள் படிப்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

லட்சத்தீவு எங்கிருந்து வந்தது என்றால், ஒரு காலண்டரிலிருந்து. நூல் வாங்கும் கடையில் கொடுத்தது. வெள்ளை மணல், நாலு தென்னை, நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர். அடியில் 'லட்சத்தீவு' என்று போட்டிருந்தது. வருடம் முடிந்தும் குடோன் சுவரிலிருந்து யாரும் அதைக் கழற்றவில்லை. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சரசு தறி நாடாவுக்கு நூலைத் தார் சுற்றுவாள். ஒருநாள் கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்ற நேரத்தில், "ஏனுங்க, இந்தத் தண்ணி நெசமாவே இந்தக் கலர்லதான் இருக்குமுங்களா?" என்று கேட்டாள். அச்சுக்காரன் மையை அள்ளிக் கொட்டியிருப்பான் என்று சொல்லிவிட்டேன். கரண்ட் வந்துவிட்டது. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் ஓர் ஊரைப் பற்றிக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஏன் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போகும்போது கல்லாறு தாண்டியதும் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து 'சரசுவுக்குப் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது' என்று உறவு முழுக்கத் தீர்ப்பாகிவிட்டது. அப்போது அவள் வயிற்றில் எங்கள் மூத்த பையன் இரண்டு மாதம். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு எல்லோரும் வேன் ஏறுவார்கள், இவள் வீட்டுக்குக் காவல் இருப்பாள்.

தீர்ப்பை விடாமல் காப்பாற்றி வந்தவன் என் மச்சினன் பழனிசாமி. துடியலூரில் இரண்டு வேன் வைத்து ஓட்டுகிறவன். நான் லட்சத்தீவு என்றதும் வீட்டு நடுவில் நின்று சிரித்தான். "பொள்ளாச்சி போறதுக்கே அக்கா எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டுத்தான் வரும். அதயக் கொண்டுபோயிக் கப்பல்ல ஏத்தறீங்களா மாமா? கோயில் குளம்னாலும் பரவால்லீங்க. சரி, போங்க. பாதியில எங்கிருந்து போன் பண்ணுனாலும் வண்டி எடுத்துக்கிட்டு வாரனுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சரசுவும் சிரித்தாள். ஆனால் அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். அந்தப் போனை எந்த ஊரிலிருந்தும் போடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

இனித் திட்டம். நான் ஆறாவதோடு நின்றவன். இங்கிலீஷ் தெரியும், அது தறி உதிரிபாகங்களின் விலைப்பட்டியல்களைப் படித்துத் தெரிந்துகொண்டது. கோயமுத்தூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காசி டூர் நோட்டீசை நீட்டினாள். வாங்காமல் எழுந்து வந்து, ரயில்வே கால அட்டவணையும் தென்னிந்திய ரோடு மேப்பும் வாங்கி நானே உட்கார்ந்துவிட்டேன்.

லட்சத்தீவுக்கு நினைத்தவுடன் போகமுடியாது. நுழைவு அனுமதி வேண்டும், அதற்கு உள்ளூர்ப் போலீஸ் சான்று வேண்டும். ஸ்டேஷனில் இருந்தவர், அங்கே சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கடல் பார்க்கப் போகிறோம் என்றதும், பக்கத்திலிருந்தவரையும் கூப்பிட்டு என்னைக் காட்டினார். மூன்று நடை நடந்து வாங்கினேன். கொச்சியிலிருக்கும் லட்சத்தீவு ஆபீசுக்கு எழுதி, கப்பலில் ஐந்து நாள் சுற்றுக்கு இடம் பிடித்தேன். பகலில் தீவு, இரவில் கப்பல், மூன்று வேளைச் சாப்பாடு, ஆளுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய்.

மாதம் மார்கழி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு மாதம் கிடையாது. மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கல்யாணப் பத்திரிகை வராது. மற்ற மாதங்களில் ஒரு வீட்டுக்கு மொய் எழுதப் போகாவிட்டால் பத்து வருடத்துக்குப் பேச்சு. தை பிறப்பதற்குள், பொங்கலுக்கு முந்தின நாள் வாசலில் வேப்பிலைக் காப்புக் கட்டுவதற்குள் வீடு திரும்பிவிடவேண்டும். எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டேன். போடாமல் விட்டது ஒன்று. முகூர்த்தம் இல்லாத மாதம் என்று யோசித்தேனே தவிர, அது சபரிமலைக்கு மாலை போட்டவர்களின் மாதம் என்று யோசிக்கவில்லை. கேரளா பக்கம் போகும் எந்த ரயிலிலும் இடமில்லை. பழனிசாமி அந்த மாதம் முழுக்க மலைக்கு வேன் ஓட்டுகிறவன், அவனுக்குத் தெரியும். கேட்டால், "உங்களுக்குத் தெரியாததுங்களா மாமா?" என்றான்.

அதனால்தான் வழியைத் திருப்பினேன். பாலக்காடு வழியாகப் போகாமல், மதுரை, திருநெல்வேலி என்று தெற்கே இறங்கி, கடலோரமாகக் கொச்சிக்கு ஏறுவது. உண்மையைச் சொன்னால், முதலில் போட்ட திட்டத்தைவிட இதுவே நல்ல திட்டம்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயமுத்தூரில் பஸ் ஏறினோம். கன்னியாகுமரி ஏறத்தாழ நானூற்று ஐம்பது கிலோமீட்டர், மதுரையில் பஸ் மாறவேண்டும், ஆளுக்குத் தொண்ணூறு ரூபாய்க்குள் ஆனது. சரசு பையில் மூன்று எலுமிச்சம்பழம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டாள். திண்டுக்கல்லில் டீ குடித்தாள், மதுரையில் புரோட்டா சாப்பிட்டாள். திருநெல்வேலி வந்தபோது பழம் மறுபடி பைக்குள் போயிருந்தது. 

கன்னியாகுமரியிலும் எங்கு பார்த்தாலும் மாலை போட்டவர்கள். லாட்ஜில் அறை கிடைக்க ஒரு மணிநேரம் அலைந்தோம், நூற்றைம்பது ரூபாய். காலையில் சூரிய உதயம் பார்த்ததும் அம்மன் கோயிலுக்குப் போகலாமா என்றாள். திட்டத்தில் இல்லை என்று சொல்லி மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தனியாகப் போய்ச் சுருக்காகக் கும்பிட்டுவிட்டு வந்தாள். அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அங்கிருந்து திருவனந்தபுரம் தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கோவளத்துக்கு மேலும் அரைமணி நேரம். கோவளத்தில் டிசம்பர், ஜனவரியில் அறை வாடகை வெள்ளைக்காரர்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். கடற்கரையை விட்டு மேட்டில் ஏறினால் பாதிக்குக் கிடைக்கும். இரண்டு நாள் இருந்தோம். வெள்ளைக்காரர்கள் கஞ்சி போட்ட பாவு நூல் மாதிரி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள். சரசு முதல்நாள் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள். இரண்டாம் நாள் ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்குத் தலையில் துண்டு கட்டிக்கொள்ளும்படி சைகையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எர்ணாகுளம் அங்கிருந்து இருநூற்று இருபது கிலோமீட்டர். மறுநாள் மதியம் கப்பல் ஏறினோம். கரை மறைகிறவரை மேல்தளத்தில் நின்றோம். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கப்பல் அசைய ஆரம்பித்தது. வாந்தி எடுத்தது நான். விடிகிறவரை எடுத்தேன். முதல் எலுமிச்சம்பழத்தை அரிந்து என் மூக்கில் பிடித்தவள் சரசு. நடுவில் போய் அவள் டீயும் குடித்துவிட்டு வந்தாள்.

முதல் தீவு கல்பேனி. இங்கே போகிறவர்கள் தெரிந்துகொள்ளவேண்டியது, எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காதது: கப்பல் கரைக்குப் போகாது. பவளப்பாறைக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். கப்பலின் வயிற்றில் ஒரு கதவைத் திறப்பார்கள், கீழே சின்னப் படகு. அது அலையில் ஓர் ஆள் உயரம் ஏறி இறங்கும். ஏறுகிற நேரம் பார்த்து அதற்குள் கால் வைக்கவேண்டும். இரண்டு பக்கமும் மாலுமிகள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனாலும் கால் நம்முடையது. எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். தமிழ் தெரிந்த ஒரு பாலக்காட்டு மாலுமி, பெரியவர்கள் கப்பலிலேயே இருக்கலாம், சாப்பாடு வந்துவிடும் என்று பணிவாகச் சொன்னார்.

என்னுடையதோ ராத்திரி முழுக்க வாந்தி எடுத்த உடம்பு. இவ்வளவு தூரம் வந்ததே போதும், தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சரசு சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "சூலூர் ஸ்டாப்புல நிக்காத டவுன் பஸ்ஸுல ஏறாதவளா நானு? நம்மகிட்ட வாரப்பக் காலெடுத்து வெக்கோணும். தள்ளிப் போறப்ப வெக்கக் கூடாது. அவ்வளவுதானுங்க." படகு இரண்டு முறை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். மூன்றாவது முறை, வாசற்படி தாண்டுவதுபோலக் காலை வைத்து இறங்கிவிட்டாள். பிடிக்க நீட்டிய மாலுமியின் கை அப்படியே நின்றது.

உட்கார்ந்துகொண்டு மேலே பார்த்தாள். "ஏனுங்க, வாரீங்களா? இல்ல, தம்பிக்குப் போன் பண்ணிப்போடட்டுங்களா?"

இறங்கினேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

பாறையைத் தாண்டியதும் கடல் சத்தம் நின்றுவிட்டது. நிறம் மாறியது. காலண்டர்காரன் மையைக் குறைத்துத்தான் அடித்திருக்கிறான். முழங்கால் தண்ணீரில் நின்று சரசு ஒரு கை அள்ளினாள். "கையில எடுத்தாக் கலரே இல்லீங்களே" என்றாள். மறுபடி விட்டாள், மறுபடி அள்ளினாள். கரையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிறவரை அதையே செய்துகொண்டிருந்தாள். சாப்பாட்டில் சூரை மீன் பொரித்து வைத்தார்கள். மார்கழியில் மீனா என்று நான் யோசித்தேன். அவள் இரண்டாவது எலுமிச்சம்பழத்தை அரிந்து மீன்மேல் பிழிந்தாள்.

அடுத்து மினிக்காய், அதற்கடுத்து கவரத்தி. கவரத்தியில் போன் இருந்தது. யாருக்கும் போடுவதில்லை என்ற முடிவில் நான் இருந்தேன். சரசுதான் நம்பரைச் சொல்லிப் போடச் சொன்னாள். மீட்டரில் காசு ஓடுகிறது என்று நான் சைகை காட்டியும் நிதானமாகவே பேசினாள். "தம்பி, நாந்தான். வண்டி எடுத்துக்கிட்டு வாரேன்னியே, வா. ரோடு கொச்சியோட முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல தண்ணிதான், பாத்து ஓட்டிக்கிட்டு வா."

திரும்பும் கப்பலில் எனக்கு மறுபடி வாந்தி. கொச்சியிலிருந்து கோயமுத்தூர் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், பஸ்ஸில் ஆறு மணிநேரம், நின்றுகொண்டே பாதி வழி. காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் உக்கடத்தில் இறங்கினோம். நாங்கள் வரும் நாளைப் பையனிடம் கேட்டுக்கொண்டு அங்கே வேனோடு பழனிசாமி நின்றான். சொன்ன சொல்லை அவனும் காப்பாற்றினான், அதை மறைக்கக்கூடாது. அக்காவைப் பார்த்து, "ஒண்ணும் ஆகலியா?" என்றான். அவள் பைக்குள் கைவிட்டு மிச்சமிருந்த பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இந்தா, மூஞ்சியப் பாத்தா உனக்குத்தான் கொமட்டறாப்புல இருக்குது."

அதற்குப்பின் எந்தக் கல்யாண வேனிலும் சரசு காவலுக்கு இருந்ததில்லை. முன் சீட்டு அவளுடையது.

இனிப் போகிறவர்களுக்கு. நான் எழுதிய கட்டணங்கள் அன்றையவை, இரண்டு மூன்று மடங்கல்ல, அதற்கு மேலும் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் மாறவில்லை. அனுமதிக்கு இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். மார்கழிதான் என்றால் கேரள ரயிலை நம்பாமல் தெற்கே இறங்கி ஏறுங்கள். கப்பல் ஏறும் நாளன்று குறைவாகச் சாப்பிடுங்கள். படகில் இறங்கும்போது கையில் பை வேண்டாம், காலில் தோல் செருப்பு வேண்டாம். வயதைக் கேட்டு யாராவது காசி நோட்டீசை நீட்டினால் வாங்காதீர்கள். எலுமிச்சம்பழம் மட்டும் மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று மீனுக்கு, ஒன்று போகாதே என்று சொன்னவருக்கு.